கடாய்க்குக் கீழேயும் ஒரு வேலை இருக்கிறது

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து லிட்டர் பசும்பால் கடாயில் ஏறினால், ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் சேர்ந்து, இறக்கும்போது ஏறக்குறைய மூன்றேகால் கிலோ பால்கோவா கிடைக்கும். கடைக்குக் கடை சர்க்கரை கூடும், குறையும், பதமும் மாறும். ஆனால் கணக்கு பெரிதாக மாறாது. மிச்சம் எட்டுக் கிலோ தண்ணீர் ஆவியாகிக் கூரை வழியே போய்விடுகிறது. அந்த எட்டுக் கிலோவை விரட்டத்தான் அத்தனை விறகும், அத்தனை நேரம் துடுப்புப் போடும் கைகளும்.

உண்மையில் அதற்கு எவ்வளவு விறகு வேண்டும்? பாலைக் கொதிக்கவைத்து எட்டுக் கிலோ நீரை ஆவியாக்க சுமார் 21 மெகாஜூல் வெப்பம் போதும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15, 16 மெகாஜூல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ விறகே போதும். ஆனால் திறந்த அடுப்பில் எரியும் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்குதான் கடாயில் ஏறும். அதனால் ஒன்றரைக் கிலோ செய்யவேண்டிய வேலைக்குப் பத்துக் கிலோ, பதின்மூன்று கிலோ என்று எரிகிறது. காற்று உள்ளே வரும் வழி, புகைபோக்கியின் உயரம், கடாய்க்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி ஆகியவற்றைச் சரிசெய்து முப்பது சதவீதச் சூட்டைக் கடாயில் ஏற்றிவிட்டால், நாலரைக் கிலோவில் வேலை முடியும். பாலை மாற்றவேண்டாம், கடாயை மாற்றவேண்டாம், ருசிக்கும் பங்கம் வராது.

மிச்சமாகும் அந்த விறகு யாருடைய பொறுப்பு? கோவா கிண்டுபவருக்குப் பதம்தான் கண். விறகு விற்பவருக்கு எடை. கடைக்காரருக்குச் சனிக்கிழமைக் கூட்டம். மாடு வைத்திருப்பவருக்குப் பாலின் கொழுப்பும் (ஃபேட்) கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்.). இந்த நாலு பேரையும் ஒரு கணக்கில் உட்காரவைப்பதற்குத் தனியாக ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கான வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்கு நம் ஊரில் இன்னும் நிலையான பதவிப் பெயர் கிடையாது. வெளிநாடுகளில் சுழற்சி உணவு வடிவமைப்பு என்று இதற்குத் தனித்துறையே வந்துவிட்டது. எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2023-ல் உணவு நிறுவனங்களுக்கென்று ஒரு மறுவடிவமைப்புப் போட்டியே அறிவித்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. எண் பெரிது. ஆனால் இதில் வேலை செய்யப் போகிறவருக்கு, ஒரு கடாய்க்கு எத்தனை கிலோ விறகு என்ற எண்தான் முதலில் உதவும்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகவியல், வடிவமைப்பு என்று எதைப் படித்திருந்தாலும், சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறும் முன் ஒரு வருடம் இங்கேயே இந்த வேலையைச் செய்து பார்க்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பால், பருத்தி, தேங்காய், மாங்காய் நான்கும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

முன்பு இருந்த சுற்று

ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. கரிசலில் விளைந்த பருத்தியை அரவைக்குக் கொண்டுபோனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு, மீதி கொட்டை. பஞ்சு மில்லுக்குப் போகும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மாட்டுக்குப் போகும். கொட்டை தின்ற மாட்டின் பாலில் கொழுப்பு நிற்கும். அந்தப் பால் கோவாவாகும். சாணம் மறுபடி கரிசலுக்கு.

யாரும் வரைந்து கொடுத்த திட்டமல்ல அது. பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் தானாக அமைந்தது. இன்று தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. கொட்டை அங்கேயே நின்றுவிடுகிறது. புண்ணாக்கு மூட்டையாக, விலை ஏறி, லாரியில் வருகிறது. சுற்று அறுந்த இடம் அது. பழையபடி எல்லாவற்றையும் ஒட்டவைக்க முடியாது, அதற்கு ஏங்கவும் வேண்டாம். எந்தக் கண்ணியை இன்றைய விலையில், இன்றைய போக்குவரத்தில் கோக்க முடியும் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

சாணமும் பாலும்: ஒரு கணக்கு

இந்தத் துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து, அதிலேயே பால்கோவா கிண்டலாமே" என்பதுதான். கேட்க அழகாக இருக்கிறது. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பத்து மாடு. ஒரு மாட்டுக்குப் பத்துக் கிலோ என்றால் நாளைக்கு நூறு கிலோ சாணம். இருபத்தைந்து கிலோவுக்கு ஒரு கன மீட்டர் வாயு. ஆக நாலு கன மீட்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 20 மெகாஜூல், மொத்தம் 80. நல்ல பர்னரில் பாதி கடாயில் ஏறினால் 40. மேலே சொன்ன 21 மெகாஜூல் கணக்கில், பத்து லிட்டர் கடாய் இரண்டு. அதாவது இருபது லிட்டர் பால். அந்தப் பத்து மாடும் கறவையில் இருந்தால் எழுபது, எண்பது லிட்டர் கறக்கும். ஆகச் சாணம் தன் பாலில் கால் பங்கைத்தான் காய்ச்சும்.

அதோடு இன்னொரு தொல்லை. மாடு இருப்பது சுற்றுக் கிராமங்களில், கடாய் இருப்பது டவுனில். சாணம் கனமானது, வாயுவைத் தூக்கிக்கொண்டு வருவது அதைவிடக் கஷ்டம். குஜராத்தில் ஆனந்த் பக்கம் ஜக்கரியாபுராவில் தேசிய பால்வள வாரியம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. மாடு வைத்திருக்கும் வீட்டிலேயே சின்ன எரிவாயுக் கலனைப் போட்டார்கள். வாயு அந்த வீட்டுச் சமையலறையைத் தாண்டவில்லை. வாயு எடுத்தபின் மிஞ்சும் சாணக் கரைசலைத்தான், வயலுக்கு எடுத்தது போக மீதியை, பெண்களின் கூட்டுறவுச் சங்கம் தரம் பார்த்து விலை கொடுத்து வாங்கியது. அதிலிருந்து செய்த உரத்துக்கு 'சுதன்' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். நகரவேண்டியது எது, நிற்கவேண்டியது எது என்று பிரித்ததுதான் அங்கே நடந்த வடிவமைப்பு. ஒரு வரைபடமும் அதைவிடச் சிறப்பாக இதைக் கற்றுத்தராது.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் யோசனை வேறு. சாண எரிவாயு கிராமத்து வீட்டுக்கு. டவுன் கடாய்க்கு முதலில் அடுப்பைத் திருத்துங்கள். அப்புறம் எரிபொருளைப் பாருங்கள். ராஜபாளையத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு உண்டு. சிரட்டைக்குக் கரி வியாபாரிகள் காசு கொடுப்பதால் அது எளிதில் கிடைக்காது. தென்னை மட்டையும் பாளையும் கிடைக்கும். மட்டை சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், நின்று எரியாது. அதற்கேற்ற அடுப்பு வாய் வேண்டும். இயந்திரவியல் படித்த ஒருவருக்கு இது ஆறு மாதத்துக்கான நல்ல வேலை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் புராஜெக்ட் தேடி அலைகிறார்கள். ஒரு கடையையும் ஒரு மாணவர் குழுவையும் சேர்த்துவைத்தால் அதுவே உங்கள் முதல் இணைப்பு.

ஈரம்தான் எதிரி

இரண்டாவது வருடத்தில் தெரியவரும் ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மிச்சப் பொருள் காய்ந்ததா, ஈரமா என்பதுதான் உங்கள் தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். காய்ந்த பொருள் காத்திருக்கும். விலை பேச, லாரி பிடிக்க, மனதை மாற்றிக்கொள்ள நேரம் தரும். ஈரமான பொருள் மறுநாள் காலையில் நாறும். அப்புறம் யார் அள்ளுவது என்ற சண்டைதான் நடக்கும். ஆகவே முதல் திட்டத்துக்குக் காய்ந்ததை எடுங்கள்.

தென்னை நார்க்கழிவு நல்ல எடுத்துக்காட்டு. தேங்காய் மட்டையில் நாரைவிட இந்தத் தூள்தான் அதிகம். மஞ்சி (நார்) பிரித்தபின் ஒரு காலத்தில் மலைபோல் ரோட்டோரம் குவித்துவைத்தார்கள். நிலத்தடி நீரைக் கெடுத்தது. பிறகு வேளாண் பல்கலைக்கழகம் காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியா. இன்று கழுவி உப்பெடுத்துக் கட்டியாக அழுத்திய நார்க்கழிவு, மண்ணுக்குப் பதிலாக வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. அள்ளிப்போகக் காசு கொடுத்த பொருளுக்குக் காசு கிடைக்கிறது. அப்படியானால் உங்களுக்கு அதில் வேலை இல்லையா? உண்டு. பெரிய ஆலைகள் விட்டுவைத்த சின்ன மஞ்சி யூனிட்டுகளின் தூளை மாந்தோப்புகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் உரமாகக் கொண்டுசேர்ப்பது இன்னும் காலியாகக் கிடக்கும் இடம்.

அடுத்தது மில். ராஜபாளையத்தில் மில் வேஸ்ட் என்று சொன்னால் சும்மா கிடக்கும் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். சீவும்போது ஒதுங்கும் குட்டை இழையான கோம்பர் நாயில் மருத்துவப் பஞ்சுக்குப் போகிறது. மற்ற ரகங்கள் ஓபன்-எண்ட் நூலுக்குப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் உண்டு. உண்மையிலேயே மலிவாக மிஞ்சுவது, ஃபில்டரில் சேரும் நுண்தூசி (மைக்ரோ டஸ்ட்). அதை என்ன செய்யலாம்? ஹாங்காங்கில் 1970-களின் தொடக்கத்தில் மில் பஞ்சுக்கழிவிலேயே வைக்கோல் காளான் வளர்க்கும் முறை வந்தது. வைக்கோல் காளான் 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை விரும்பும். ராஜபாளையம் வெயிலுக்கு மொட்டுக்காளானைவிட இதுதான் பொருத்தம். பஞ்சுக்கழிவில் காளான், காளான் எடுத்த படுக்கை உரம் என்று இரண்டு சுற்று கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து கழிவில் தங்கியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்காமல் ஒரு படுக்கைகூடப் போடக்கூடாது; சாப்பாட்டு விஷயத்தில் இதில் சமரசமே இல்லை. அடுத்து, வைக்கோல் காளான் பறித்த மறுநாளே வாடிவிடும். வாங்குகிறவரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் வித்து வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான் பயிற்சி நடத்துகிறார்கள், போய்வாருங்கள்.

மாங்காயில் மட்டும் ஆசையை அடக்கவேண்டும்

ராஜபாளையம் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் எவ்வளவு பேரோ, சீசனில் உதிர்காய் அவ்வளவு. மலையடிவாரத்தில் ஒரு காற்று அடித்தால் போதும். இதைப் பார்த்ததும் பலருக்கு மாங்கொட்டைப் பருப்பு எண்ணெய் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குத் துணையாக அனுமதிக்கும் ஆறு கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. பெரிய வாய்ப்புதான். ஆனால் ராஜபாளையத்துக்கு அல்ல. இங்கத்து மாம்பழம் பழமாகவே விற்பனையாகி வீடு வீடாகப் போகிறது. கொட்டை மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஆயிரம் வீட்டுக் குப்பையில் சிதறுகிறது. அதை யார் பொறுக்குவது? மாம்பழக்கூழ் ஆலைகள் இருக்கும் கிருஷ்ணகிரியில் கொட்டை ஒரே இடத்தில் குவிகிறது. அந்தத் தொழில் அங்கேதான் நிற்கும். எந்த யோசனை எந்த ஊருக்கு என்று பிரித்துச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையின் ஒரு பாதி.

இங்கே செய்யக்கூடியது உதிர்காய்தான். ஊறுகாய், வற்றல், மாங்காய்த்தூள். இதில் வடிவமைக்கவேண்டியது பொருளை அல்ல, நேரத்தை. காற்றடித்த அன்று மாலைக்குள் தோப்பிலிருந்து காய் வந்துசேர வேண்டும். வெட்டுகிறவர்கள் காத்திருக்க வேண்டும். உப்பு தயாராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்றும், மகளிர் சுய உதவிக்குழு இரண்டும், ஒரு டாட்டா ஏஸும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

தோப்புக்காரர்களுடன் பேசும்போது மலையை மறக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1988-லிருந்து, சாம்பல் அணில் சரணாலயம். யானை தோப்புக்குள் வருவது இங்கே அடிக்கடி கேட்கும் செய்தி. அழுகிய பழத்தைக் காட்டோரம் குவித்து மட்கவைத்தால் அது யானைக்கும் பன்றிக்கும் விடுக்கும் அழைப்பு. உரக்குழி ஊர்ப்பக்கம் இருக்கட்டும். காகிதத்தில் எவ்வளவு சரியாக இருந்தாலும், காட்டுக்கு எதிராகப் போகும் திட்டத்தை நான் நல்ல வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆட்களைச் சேர்ப்பது எப்படி

இங்கேதான் படித்த பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மண்டபம் பிடித்து, எல்லோரையும் அழைத்து, புரொஜெக்டரில் வட்டம் போட்டுக் காட்டினால் யாரும் உண்மை பேசமாட்டார்கள். கொள்முதல் விலையையும் லாபத்தையும் போட்டிக் கடைக்காரர் முன்னால் எவர் சொல்வார்? தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். பால் சொசைட்டிக்கு விடியற்காலையில் போகாதீர்கள், ஊற்றும் அவசரத்தில் இருப்பார்கள். ஊற்றி முடித்தபின் போங்கள். ஆடிப்பூரத் தேருக்கு முன்னும் பின்னும் பால்கோவாக் கடைக்குப் போகவே வேண்டாம். குற்றாலச் சீசனிலும் ஐயப்ப சீசனிலும் மதுரை–தென்காசி ரோட்டில் வண்டி நிற்கும் கடைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடைக்காரருக்கு ஓய்வான வேளையில் ஒரு தராசோடு போய் இப்படிக் கேளுங்கள்:

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு நீங்க எரிக்கிற விறகை மட்டும் எடை போட்டுக்கிறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"போட்டுக்கோங்க தம்பி. ஆனா கடாயில கை வைக்கக்கூடாது."

அந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்ளுங்கள். பதம் அவருடைய அறிவு. அது பல வருடம் சூட்டின் முன் நின்று சேர்ந்தது. அதை மதிக்காமல் எந்த அடுப்பும் அந்தக் கடையில் நிற்காது. ஒரு வாரம் கழித்து எண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாசு, புவி வெப்பம் என்று ஆரம்பிக்காமல், "மாசத்துக்கு இவ்வளவு ரூபாய் விறகு மிச்சம், கிண்டுறவர் கண்ணில் புகை குறையும்" என்று சொல்லுங்கள். உலையின் முன் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளியின் நுரையீரலும் இந்தச் சுற்றில் ஒரு பகுதிதான். திட்ட அறிக்கைகளில் அவர் பெயர் வருவதில்லை. நீங்கள் எழுதும் அறிக்கையில் வரவேண்டும்.

கூட்டாகச் செய்வதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது ஊரின் கூட்டுறவுப் பால் சங்கம். குறியீடு எந்தத் தனிக் கடைக்கும் சொந்தமல்ல. அந்த வட்டாரத்தில் பதிவான முறைப்படி செய்யும் எவரும் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்துகொள்ளலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல சிறு கடைகள் இந்தப் படிவ வேலைக்கு அஞ்சியே ஒதுங்கி நிற்கும். வணிகவியல் படித்த ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே அவர்களின் நம்பிக்கை கிடைக்கும். அந்த நம்பிக்கையின்மேல்தான் அடுத்தது கட்ட முடியும்: கூட்டாக விறகு கொள்முதல், கூட்டாகப் பெட்டி அச்சடிப்பு, திருத்திய அடுப்புக்குக் கூட்டாக ஒரு கொத்தனார்.

பெட்டி என்றதும் ஒன்று. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. செய்தித்தாளில் உணவைப் பொதிவதையும் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அதனால் ஓலைப்பெட்டிக்குப் போவோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பால்கோவாவில் நெய் கசியும். உள்ளே ஒரு தாள் இல்லாமல் ஓலை தாங்காது. அந்த உள்தாள் எது என்பதுதான் வடிவமைப்புக் கேள்வி, வெளியே எந்தப் படம் போடுவது என்பதல்ல. மட்கும் என்று எழுதியிருக்கும் எல்லாத் தாளும் நம் நகராட்சி உரக்குழியில் மட்கிவிடாது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டைப் புதைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில், தட்டில் பரப்பி விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்கும் விதி வந்தது. அப்படி எழுதிவைக்கும் கடையில், விற்காமல் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு அந்த அட்டையிலிருந்தே கிடைக்கும். யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

சம்பளம் எங்கிருந்து வரும்

நேரடியாகவே பேசுவோம். இந்த வேலைக்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, இருக்கும் பதவிக்குள் நுழைவது. பால் ஒன்றியம், உணவு ஆலை, மில், நகராட்சியின் திடக்கழிவுப் பிரிவு. தரக்கட்டுப்பாட்டு வேலைக்கோ கொள்முதல் வேலைக்கோ போய்ச் சேருங்கள். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, எதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று தனி நோட்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் எண்களை வெளியே கொண்டுபோகக் கூடாது. எப்படிப் பார்ப்பது என்ற பழக்கம் மட்டும் உங்களுடையது.

இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பத்தாயிரம் புதிய நிறுவனங்கள் என்ற மத்தியத் திட்டம் 2020-ல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முதன்மைச் செயல் அலுவலர் தேவை. விவசாயிக்கும் சந்தைக்கும் நடுவில் நின்று, இரு பக்கமும் பேசத் தெரிந்த ஆள்தான் அங்கே கிடைக்காத ஆள். சம்பளம் நகரத்து ஐ.டி. வேலையளவு இருக்காது. ஆனால் இரண்டே வருடத்தில் கொள்முதல், கணக்கு, வங்கி, வண்டி, மனிதர் எல்லாம் பழகிவிடும். வேறெந்த இளநிலைப் பதவியும் அவ்வளவு கற்றுத்தராது.

மூன்றாவது, சொந்தமாக. நுண் உணவு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 2020-ல் தொடங்கியது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய், வங்கிக் கடனோடு இணைந்த மானியம். இப்போது என்ன நிலை, எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பொருளை உலர்த்திப் பார்க்க, பதப்படுத்திப் பார்க்க, சோதித்துப் பார்க்க இயந்திரம் அங்கே உண்டு. சொந்தமாக இயந்திரம் வாங்கிவிட்டு அப்புறம் யோசிப்பதைவிட அங்கே போய்ச் செய்து பார்ப்பது பாதுகாப்பு.

எந்த வாசலானாலும் நேர்காணலுக்குப் போகும்போது கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் ஒரு கடை, ஒரு வாரம்: வந்த பால் எத்தனை லிட்டர், எரிந்த விறகு எத்தனை கிலோ, இறங்கிய கோவா, விற்காமல் மிஞ்சியது, கழுவ ஊற்றிய தண்ணீர். அடுத்த வரிசையில், நீங்கள் ஒன்றை மாற்றியபின் அதே எண்கள். கடையின் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களை ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் சேரலாம். மடித்து ஓரமாக வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் வேறிடம் பாருங்கள்.

தனியாக ஆலோசகராக வேலை செய்தால் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். சின்னக் கடைக்காரரிடம் மொத்தமாகத் தொகை கேட்டால் தரமாட்டார். மிச்சமான விறகுக் காசில் முதல் ஆறு மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டால் பேச்சு நடக்கும். எடை போடுவது யார், எந்தத் தராசு, எந்த மாதத்து விலை என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பண்டிகை மாதத்தில் உற்பத்தி இரட்டிப்பாகும், விறகும் கூடும்; ஆகவே மொத்த விறகை அல்ல, லிட்டருக்கு எவ்வளவு என்பதைத்தான் அளவாக வைக்க வேண்டும். மழைக்காலத்து ஈரவிறகுக்குத் தனியாக ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஐப்பசியில் தகராறு வரும்.